பழைய ஜூம் லென்ஸ் கழிவுப் பொருளா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

காமிராவைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்போதெல்லாம் முதலில் எழும் கேள்வி, "லென்ஸ் என்ன விலை?" என்பதே. படம் எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்போர் அருகிவிட்டனர். விலையுயர்ந்த லென்ஸ் இல்லாதவனுக்கு ஒளிப்படக் கலை எட்டாக்கனி என்ற எண்ணம் நம் மாணவரிடையே வேரூன்றி வருகிறது. இவ்வெண்ணத்தை நான் ஏற்கவில்லை. 1970, 1980களில் ஜப்பானில் செய்யப்பட்ட, கையால் திருகிக் குவிக்க வேண்டிய ஜூம் லென்சுகள் பழைய பொருள் விற்போரிடம் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை இன்றைய டிஜிட்டல் காமிராவில் பூட்டலாம். இயற்பியல் படிக்கும் மாணவன் கட்டாயம் ஒருமுறையேனும் பூட்டிப் பார்க்க வேண்டும் என்பேன்.

இவை மலிந்து போனதற்குக் காரணம் தரக்குறைவு அன்று, வியாபாரம். 1985 ஆம் ஆண்டில் மினோல்ட்டா நிறுவனம் தானாகவே குவிக்கும் '7000' காமிராவைக் கொண்டுவந்தபோது, லென்ஸ் பூட்டும் மவுண்ட்டையே மாற்றிவிட்டது. 1987 இல் கேனன் நிறுவனமும் ஈ.ஓ.எஸ். வரிசைக்காகத் தன் பழைய எஃப்.டி. மவுண்ட்டைக் கைவிட்டது. நல்ல நிலையிலிருந்த எத்தனையோ லென்சுகள் பூட்ட இடமின்றி அநாதையாயின.

டிஜிட்டல் காமிரா வந்த பின்னும் அவற்றுக்கு உடனே விடிவு பிறக்கவில்லை. எஃப்.டி. லென்ஸ், தன் மவுண்ட்டிலிருந்து 42 மி.மீ. தொலைவில் பிம்பத்தை விழச் செய்யுமாறு அமைக்கப்பட்டது. ஈ.ஓ.எஸ். காமிராவிலோ அத்தொலைவு 44 மி.மீ. அந்த 2 மி.மீ. வேறுபாட்டால் தூரத்துக் காட்சி குவியவே குவியாது. கேனன் லென்ஸ் கேனன் காமிராவிலேயே உதவாமற் போனது வேடிக்கைதான்! இத்தனை தொலைவு விடவேண்டியிருந்தது, இடையே ஓர் ஆடி ஏறி இறங்க வேண்டியிருந்ததால். 2008 இல் பானசோனிக்கும் 2010 இல் சோனியும் அந்த ஆடியையே நீக்கிய மிரர்லெஸ் காமிராக்களை வெளியிட்டன. சோனியில் மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் இடையே 18 மி.மீ. மட்டுமே. நிக்கானின் பழைய லென்சுக்கு வேண்டியது 46.5 மி.மீ. மீதி 28.5 மி.மீ. நீளத்திற்கு ஒரு குழாயைச் செருகினால் தீர்ந்தது கணக்கு. அடாப்டர் என்பது இந்த வெறுங்குழாய்தான். உள்ளே வில்லை ஏதும் கிடையாது.

இனி ஜூம் லென்சுக்கு வருவோம். பழைய லென்ஸ் பிரியர்களே ஜூம் என்றால் முகம் சுளிப்பார்கள், 50 மி.மீ. போன்ற ஒற்றைக் குவியத் தூர லென்சைத்தான் மெச்சுவார்கள். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. 35 மி.மீ. நிழற்படக் காமிராவுக்கு முதல் ஜூம் லென்ஸ் வந்தது 1959 இல். அது ஃபோக்ட்லெண்டர் நிறுவனத்தின் 'ஜூமார்'. 1963 இல் நிக்கான் வெளியிட்ட 43–86 மி.மீ. லென்ஸ் பரவலாக விற்றது. ஆயினும் அதில் எடுத்த படத்தில் நேர்ச்சுவர் வளைந்து நிற்கும். அதைக் கொண்டு பின்னால் வந்த ஜூம்களையும் எடைபோடுவது முறையன்று. கணிப்பொறியின் துணையோடு வில்லைகளை வடிவமைக்கத் தொடங்கிய பின், 1970களில் நிலைமை வெகுவாக மாறிவிட்டது. நிக்கானின் 80–200 மி.மீ., எஃப் 4.5 லென்ஸ் இதற்குத் தக்க சான்று.

அந்த லென்ஸ் ஒன்று நம் துறை அலமாரியில் இருக்கிறது. படச்சுருள் காலத்தில் வாங்கிய காமிராவோடு வந்தது. காமிராவின் ஷட்டர் என்றோ நின்றுவிட்டது. ஆசிரியரின் அனுமதியோடு அதை வெளியே எடுத்து, நண்பர் ஒருவரின் சோனி காமிராவில் பூட்டினோம். அடாப்டரை ஐவர் பங்கிட்டு வாங்கினோம். ஆளுக்கு ஒரு வேளை பிரியாணிக் காசுதான் ஆயிற்று.

அந்த லென்ஸில் ஒரே வளையம். திருகினால் குவிப்பு மாறும். முன்னும் பின்னும் தள்ளினால் குவியத் தூரம் மாறும். குழலின் மேல் வண்ண வண்ணமாய் வளைகோடுகள் வரைந்திருக்கின்றன. அழகுக்காக என்றே முதலில் எண்ணத் தோன்றும். உண்மையில் அது ஒரு வரைபடம். எந்தத் துளையில், எந்தக் குவியத் தூரத்தில், எதிலிருந்து எதுவரை காட்சி கூர்மையாக இருக்கும் என்பதை அக்கோடுகளின் இடைவெளி காட்டுகிறது. 80 இல் விரிந்திருக்கும் கோடுகள் 200 இல் நெருங்கிவிடுகின்றன. ஒரே தொலைவில் நிற்கும் பொருளுக்குக் கூர்மை ஆழம் ஏறத்தாழ குவியத் தூரத்தின் இருமடிக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறும். 80 இலிருந்து 200க்கு வந்தால் 6.25 மடங்கு சுருங்கும். நூலில் ஒருவரிச் சமன்பாடாகக் கிடந்தது இங்கே விரலுக்கடியில் நகர்கிறது. இன்றைய லென்சுகள் பலவற்றில் இக்கோடுகளே இல்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். இவ்வகை லென்ஸில் 200 இல் குவித்துவிட்டு 80க்கு வந்தாலும் கூர்மை மாறாதிருக்க வேண்டும். எங்களுக்கோ 200 இல் தெளிவாக இருந்த கோயில் கோபுரம் 80 இல் மங்கிற்று. லென்ஸ் கெட்டுவிட்டது என்றார் ஒருவர். வெர்னியரை எடுத்து அடாப்டரை அளந்தோம். 28.5 இருக்கவேண்டிய இடத்தில் 28.3 மி.மீ.தான் இருந்தது. 0.2 மி.மீ. விலகலை எஃப் எண்ணான 4.5 ஆல் வகுத்தால், ஒரு புள்ளி ஏறத்தாழ 0.044 மி.மீ. வட்டமாகப் பரவும். அந்தச் சென்சாரின் ஒரு படப்புள்ளியின் அகலம் 0.004 மி.மீ. ஆகப் பத்துப் புள்ளிகளுக்கும் மேல் கசிவு! 200 இல் வளையத்தைத் திருகி இதை ஈடுகட்டிவிடலாம். ஆனால் அதே திருகல் 80 இல் 6.25 இல் ஒரு பங்கு வேலையைத்தான் செய்யும். மீதி மங்கலாகவே நிற்கும். குளிர்பான டப்பாவின் அலுமினியத் தகட்டைத் திருகு அளவியால் அளந்தால் 0.1 மி.மீ. இருந்தது. இரண்டு வளையங்கள் வெட்டி அடாப்டரின் தட்டுக்கடியில் வைத்தோம். கோபுரத்துப் பொம்மைகள் இரு முனையிலும் தெளிந்தன. ஒற்றைக் குவியத் தூர லென்ஸாக இருந்திருந்தால் இக்குறை கண்ணில் பட்டேயிராது.

எல்லாவற்றுக்கும் இது ஏற்றது என்று நான் வாதாடவில்லை. கபடிப் போட்டியை இதில் எடுக்க முனைந்தால் ஆட்டம் முடிந்துவிடும், குவிப்பு முடியாது. கல்யாண வீட்டுக்கு எடுத்துச்செல்வதும் அறிவுடைமை ஆகாது. தாலி கட்டும் கணம் யாருக்காகவும் காத்திராது. வெயிலில் இலை விளிம்புகளில் ஊதா நிறம் கசியும். வகுப்பில் படித்த நிறப்பிறழ்ச்சியை நேரில் காண்பதாகக் கொள்ளலாம். கைநடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பு காமிராவிலேயே இருந்தாலும், குவியத் தூரம் எவ்வளவென்று லென்ஸ் அதற்குத் தெரிவிக்காது. நாமே எண்ணைக் கொடுக்க வேண்டும். ஜூமை நகர்த்தும்தோறும் மாற்றவும் வேண்டும். இது பெருந்தொல்லை. ஆதலின் முக்காலியில் வைத்து எடுப்பதே நன்று. காமிராவின் திரையில் காட்சியைப் பெரிதாக்கிக் குவிக்கும் வசதி இருப்பதால், அந்நாளைய ஒளிப்படக்காரர்களைவிட நமக்கு வேலை எளிது.

எல்லாவற்றிலும் பெரிய பகை பூஞ்சணம். நம் நாட்டு ஈரக்காற்றில், மூடிய அலமாரியில், தோலுறைக்குள் வைத்த லென்ஸில் அது வலை பின்னத் தொடங்கும். வில்லையின் மேற்பூச்சை அரித்த பிறகு துடைத்துப் பயனில்லை. நம் லென்ஸின் ஓரத்தில் ஓர் இழை ஏற்கனவே படர்ந்திருக்கிறது. தோலுறையை நீக்கி, சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் இன்னும் பல்லாண்டு உழைக்கும்.

ஆனால் அது துறையின் கழிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. காமிரா ஓடவில்லை என்பதால் லென்சும் சேர்ந்துவிட்டது போலும். காமிராவைக் கழிப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. லென்சை மட்டும் தனி இனமாக எழுதி ஒளியியல் ஆய்வகத்தின் இருப்பில் சேர்க்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். வரும் மார்ச் மாத இருப்புச் சரிபார்ப்புக்கு முன் இது நடக்க வேண்டும். அடாப்டரை ஆய்வகத்துக்கே கொடுத்துவிட நாங்கள் ஐவரும் இசைந்திருக்கிறோம், அலுமினிய வளையங்கள் இரண்டும் உட்பட.