விழாவும் வீடும்

நகரின் ஒரு பகுதியைத் தெரிந்தெடுத்து, அங்கே இரண்டு மூன்று நாள்களுக்குப் பந்தலிட்டு, இசையும் கூத்தும் ஓவியமும் சொற்பொழிவும் நிகழ்த்தி, அதனைப் பண்பாட்டினதும் படைப்பாற்றலினதும் சிந்தனையினதும் கொண்டாட்டம் என அழைப்பது இன்று உலக நகரங்களிற் பெருவழக்காகிவிட்டது. இவ்விழாக்களைப் பற்றி நம்மிடையே இருவகைக் கருத்துகள் உள. கலை அரசியல் தீண்டாத தூய பொருள் என நம்புவோர், இவை மக்களை ஒன்றுசேர்க்கின்றன என்று மகிழ்கின்றனர். முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோரிற் சிலரோ, உழைக்கும் மக்களைத் திசைதிருப்பும் களியாட்டம் என்று கூறி ஒதுங்கிவிடுகின்றனர். இரு சாராரும் ஒரே தவற்றையே செய்கின்றனர் என்பது நமது துணிபு. விழா எந்த மண்ணிற் பிறந்தது, யாருடைய தேவையினாற் பிறந்தது என்பதை இருவருமே ஆராய்வதில்லை.

இத்தகைய விழாக்களுள் உலகறிந்த ஒன்றையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மேற்கு இலண்டனின் நொட்டிங் ஹில் பகுதியில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாத இறுதி விடுமுறையின்போது இரண்டு நாள்கள் பெருந்தெரு விழா நடைபெறுகிறது. பல இலட்சம் மக்கள் கூடும் அவ்விழாவிற் பல்வண்ண ஆடைகளும் இறகு முடிகளும் எஃகு வாத்தியங்களும் தெருவை நிறைக்கின்றன. சுற்றுலா விளம்பரங்களில் அது இலண்டன் மாநகரின் பெருந்தன்மைக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால், அவ்விழா பெருந்தன்மையின் மடியிற் பிறந்த குழந்தையன்று.

1950களில் நொட்டிங் ஹில் செல்வர் வாழும் இடமாக இருக்கவில்லை. போருக்குப் பின்னர் பிரித்தானியாவின் போக்குவரத்துச் சேவைகளிலும் மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் உழைப்பதற்காகக் கரிபியன் தீவுகளிலிருந்து வந்தோர், வேறெங்கும் அறை கிடைக்காமையால், அங்கிருந்த பாழடைந்த வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தனர். 1957-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் பல வீடுகளின் மீதிருந்த வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கியது. பழைய குடியிருப்பாளரை மிரட்டி வெளியேற்றிவிட்டுப் புதியோரிடம் கொள்ளை வாடகை பறித்த பீற்றர் ரக்மன் என்னும் வீட்டுச் சொந்தக்காரரின் பெயர், அத்தகைய சுரண்டலைக் குறிக்கும் சொல்லாகவே ஆங்கில அகராதியில் இடம்பெற்றுவிட்டது. வறிய வெள்ளையரும் அங்கேயே வாழ்ந்தனர். அவர்களுடைய சினம் வீட்டுச் சொந்தக்காரர் மீது திரும்பாமல் பக்கத்து அறையிலிருந்த கறுப்பின மனிதர் மீது திரும்பும்படி இனவாதக் கும்பல்கள் பார்த்துக்கொண்டன. 1958 ஆகஸ்ட் இறுதியில் அவ்வெறி தெருவிற் கலவரமாக வெடித்தது.

அக்கலவரத்துக்கு விடையாகவே விழா எழுந்தது. ட்ரினிடாட்டிற் பிறந்து, அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியிற் பணியாற்றி, அதற்காகச் சிறைவாசம் அனுபவித்து, 1955-இல் பிரித்தானியாவுக்கு நாடு கடத்தப்பட்ட குளோடியா ஜோன்ஸ் என்னும் பெண்மணி, 1958-இல் மேற்கிந்திய மக்களுக்கென ஒரு பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். அவரும் அவருடைய தோழர்களும் 1959 ஜனவரி 30-இல் சென் பன்கிராஸ் நகர மண்டபத்தில் ஒரு கரிபியன் களியாட்ட விழாவை நடத்தினர். பி.பி.சி. தொலைக்காட்சி அதனை ஒளிபரப்பிற்று. விழா மலரின் விற்பனைப் பணத்தில் ஒரு பகுதி, கலவரத்தின் தொடர்பாகத் தண்டம் விதிக்கப்பட்ட இளைஞர்களுக்கு, கறுப்பர் வெள்ளையர் என்ற பேதமின்றி உதவுவதற்கென ஒதுக்கப்பட்டது. இச்செய்தியை நாம் ஊன்றி நோக்கவேண்டும். தம்மை அடித்தவரின் பிள்ளைகளுக்கும் தண்டப்பணம் செலுத்த முன்வந்த அந்த மனம், பகைவன் யார் என்பதைத் தெளிவாக அறிந்திருந்த மனம். இதனைவிடச் சிறந்த வர்க்க உணர்வை எந்தத் துண்டுப்பிரசுரம் புகட்டிவிட முடியும்?

நான்கு மாதங்கள் கழிவதற்குள், 1959 மே 17-இல், அன்ரிகுவாவிலிருந்து வந்த தச்சுத் தொழிலாளியான கெல்சோ கொக்ரேன் என்ற 32 வயது இளைஞர் நொட்டிங் ஹில்லுக்கு அண்மையில் வெள்ளை இளைஞர் கும்பலொன்றாற் குத்திக் கொல்லப்பட்டார். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. குளோடியா ஜோன்ஸும் நெடுநாள் வாழவில்லை. 1964 டிசம்பரில் மறைந்த அவர், ஹைகேற் மயானத்தில் கார்ல் மார்க்ஸின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மண்டபத்துள் அவர் தொடக்கிய விழா மரபு 1966-இல் நொட்டிங் ஹில் தெருவுக்கு வந்தது. அப்பகுதியிற் சமூகப் பணியாற்றிய றோன் லாஸ்லெற் என்னும் பெண்மணி குழந்தைகளுக்காக ஒழுங்குசெய்த தெரு விழாவில், ரஸல் ஹென்டர்சனின் எஃகு வாத்தியக் குழு வாசித்தவாறே தெருவில் நடக்கத் தொடங்கிற்று. மக்கள் பின்தொடர்ந்தனர்.

அந்த எஃகு வாத்தியத்தின் வரலாறும் கருதத்தக்கது. ட்ரினிடாட்டில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்களின் பறையொலியை அந்நியராட்சி 1880களிற் சட்டத்தால் அடக்கியது. மக்கள் மூங்கிற் குழாய்களை நிலத்தில் மோதித் தாளமெழுப்பினர். அதற்கும் தடை வந்தது. பின்னர், எண்ணெய்க் கம்பனிகள் பயன்படுத்தி எறிந்த பீப்பாய்களைத் தட்டி வளைத்துச் சுருதி சேர்த்து ஒரு புதிய வாத்தியத்தையே ஆக்கிக்கொண்டனர். பறையின் பெயரால் இழிவுபடுத்தப்பட்ட கலைஞரைக் கொண்ட சமூகத்தில் வாழும் நமக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. படைப்பாற்றல் என்று விழா அழைப்பிதழ்கள் கூறும் பொருள், ஓய்ந்திருந்தோரின் உல்லாசத்திலன்றித் தடுக்கப்பட்டோரின் விடாப்பிடியிலேயே பெரிதும் விளைந்திருக்கிறது.

ஆளுவோர் இதனை அறியாதவரல்லர். 1976-இல் அவ்விழாவுக்குச் சுமார் 3,000 பொலிஸார் அனுப்பப்பட்டனர். தெருவில் நிற்பதையே குற்றமாகக் கருதி, 1824-ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் சட்டத்தின் கீழ்ச் சந்தேகத்தின் பேரிற் கறுப்பின இளைஞரைக் கைதுசெய்துவந்த காலம் அது. அவ்வாண்டு மோதல் மூண்டதில் வியப்பில்லை. விழாவைத் தெருவிலிருந்து அகற்றிப் பூங்காவொன்றில் வேலியிட்டு நடத்தவேண்டும் என்ற கூக்குரல் அன்று முதல் ஓயவில்லை.

விழாவில் வன்முறை நிகழ்கிறதே என்பர். நிகழ்வதுண்டு, 2024-இல் விழாவின்போது தாக்கப்பட்ட இருவர் உயிரிழந்தனர். அவ்வுயிர்களை அற்பமாகக் கருதுவோர் மக்கள் பக்கம் நிற்கத் தகுதியற்றோர். கூட்டத்தைக் காக்கும் ஒழுங்குகள் செம்மையாக வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆயினும், காவலைக் காரணங்காட்டி ஒரு மக்கட் கூட்டத்தின் தெருவுரிமையைப் பறிப்பது காவலாகாது.

தடியால் அடக்கமுடியாததைப் பணத்தால் அடக்கும் வழியும் உண்டு. 1995-இல் அவ்விழா ஒரு குளிர்பானத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன்னாற் சூடிக்கொண்டு நடைபெற்றது. பழைய வீடுகள் புதுப்பிக்கப்பட்டுச் செல்வர் கைக்கு மாறின, விலைகள் வானளாவின. 1999-இல் அப்பகுதியின் பெயரையே தலைப்பாகக் கொண்டு ஒரு காதற் திரைப்படம் உலகெங்கும் ஓடியது. அதிற் கறுப்பின மனிதரின் முகத்தைத் தேடித்தான் காணவேண்டும். இசையை வைத்துக்கொண்டு இசைத்தவனை அனுப்பிவிடுவது என்பது இதுவே. விழா நாள்களில் தம் வீட்டு முகப்புகளைப் பலகையடித்து மூடிவிட்டு வெளியூர் செல்வோர் அத்தெருக்களில் வாழ்கின்றனர். அங்கே பிறந்த பலருடைய பிள்ளைகளோ தொலைவிலிருந்து விருந்தினராக வந்து ஆடிவிட்டுச் செல்கின்றனர்.

எஞ்சிய வறியோரின் கதி என்ன? விழா நடைபெறும் வட கென்சிங்ரன் பகுதியிலேயே, உள்ளூராட்சி மன்றத்துக்குச் சொந்தமான 24 மாடிக் கிறென்பெல் குடியிருப்பு 2017 ஜூன் 14-இல் தீப்பற்றி எரிந்தது. 72 பேர் மாண்டனர். புதுப்பிப்பு என்ற பெயரிற் கட்டடத்தின் வெளிச்சுவரிற் போர்த்தப்பட்ட தகடுகள் எளிதில் எரியும் இயல்பின. குடியிருப்பாளர் முன்னரே விடுத்த எச்சரிக்கைகள் செவிமடுக்கப்படவில்லை. அவ்விறப்புகள் யாவும் தவிர்த்திருக்கக்கூடியவை என 2024-இல் வெளியான விசாரணை இறுதியறிக்கை கூறிற்று. நாட்டின் மிகச் செழிப்பான உள்ளூராட்சிப் பிரிவுகளுள் ஒன்றில் இது நிகழ்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் விழா ஊர்திகள் நின்றன; வாத்தியங்கள் ஓய்ந்தன; மாண்டோருக்காகத் தெரு முழுவதும் மௌனம் காத்தது. விழாவை வெறுங்களியாட்டம் என்போர் அந்த மௌனத்துக்கு என்ன விளக்கம் தருவர்? வீட்டுக்காகத் தோன்றிய விழா வீட்டை மறக்கவில்லை.

இது யாரோ அந்நியர் கதை என்று நாம் தள்ளிவிட முடியாது. 1958-இல் இலங்கையிலே தமிழருக்கெதிராக மூண்ட கலவரத்தின் பின் இலண்டன் சென்ற நமது அ. சிவானந்தன், போய்ச் சேர்ந்ததும் கண்டது நொட்டிங் ஹில் கலவரத்தையே. ஒரே ஆண்டில் இரு நாடுகளில் ஒரே தீயைக் கண்ட அவர், 2018-இல் மறையும் வரையில் இனவாதத்தையும் வர்க்கச் சுரண்டலையும் ஒருங்கே எதிர்த்து எழுதினார். அவர் காட்டிய வழியில் நமது தலைநகரையும் நாம் நோக்கவேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் மலாயரும் சிங்களவரும் கலந்து வாழும் கொழும்புக் கொம்பனித்தெருவில், 2010 மே மாதத்தில், படையினரின் பாதுகாப்புடன் வீடுகள் இடிக்கப்பட்டன. நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்ட ஆண்டும் அதுவே. 1983 ஜூலையில் எரியூட்டப்பட்ட அப்பகுதியின் ரியோ திரையரங்கக் கட்டடத்திற் பின்னாளிற் கலைக் கண்காட்சிகள் நடைபெற்றன. அங்கே தம் படைப்புகளை வைத்த கலைஞரை நாம் குறைகூறவில்லை. எரிந்த சுவரை மறைக்காமற் காட்டியது நற்பணியே. ஆனால், சுவரைப் பார்த்து உருகிய கண்கள் பக்கத்து ஒழுங்கையில் வீடிழந்தவரையும் பார்த்தாலன்றி அப்பணி முழுமை பெறாது.

ஆசிரியராகிய நாமும் நம் மாணவரும் ஊரிலும் நகரிலும் கலைவிழா நடத்துவோர். விழா வேண்டாம் என்று நாம் கூறவில்லை. விழாவை முதலாளிமாரிடமும் மாநகர அதிகாரிகளிடமும் விட்டுவிட்டு ஒதுங்குவதே நாம் இழைக்கக்கூடிய பெருந்தவறு. பந்தற்கால் நடுமுன்பு சிலவற்றை நாம் கேட்டறிதல் வேண்டும். அத்தெருவில் வாழ்வோர் விழாவின் சொந்தக்காரரா, பார்வையாளரா? செலவுக்குப் பணம் தருவோர் அதற்கு ஈடாக எந்தப் பேச்சை அடக்கச் சொல்கின்றனர்? அடுத்த ஆண்டு விழா வரும்போது, இவ்வாண்டு ஆடியவர்கள் அதே தெருவிற் குடியிருப்பார்களா?

இக்கேள்விகளைக் கேட்கத் துணியும் குழு, நான்கு பீப்பாய்களைத் தட்டினாலும் அது மக்கள் கலையே. கேட்க அஞ்சும் குழு ஆயிரம் விளக்குகளை ஏற்றினாலும், அவ்வொளி வெளியேற்றப்பட்டோரின் வெற்று வாசல்களின் மீதே விழும்.