ஏற்புத் தொட்டியும் அயலார் நலமும்

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது முன்னோர் வழக்கு. இரசாயன ஆலைகளில் அவ்வணையாக நிற்பது ஏற்புத் தொட்டி. அதனைக் குறித்து நம் கல்லூரி அன்பர் சிந்தித்தல் தகும் என்று கருதி ஈண்டுச் சில கூறுவோம்.

மயிலாப்பூரை அடுத்த நொச்சிக்குப்பத்தில் இரசாயன ஆலை இல்லை. ஆயினும் அதே கரையில் வடக்கே, அதே மீன்பிடித் தொழிலால் வாழும் எண்ணூர்க் குப்பங்கள் ஆலைகளின் அருகே இருக்கின்றன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிற்று. 2023இல் அதே நாள், நள்ளிரவையொட்டி, கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குரிய கடலடிக் குழாயினின்று அம்மோனியா கசிய, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீடுவிட்டு ஓடினர். முன்னது இயற்கையின் செயல், பின்னது அவ்வாறன்று. குழாய்க் கசிவு வேறு, வினைக்கலத்தின் அழுத்த வெளியேற்றம் வேறு. எனினும் வெளிவிடப்பட்ட நஞ்சு அயலார் வீட்டையே சேரும் என்பது இரண்டிற்கும் பொது.

வினைக்கலத்தில் வெப்பம் மிகுந்தால் வினை விரையும். வினை விரைந்தால் வெப்பம் இன்னும் மிகும். கலம் வெடியாதிருக்கவே காப்பு வால்வும் வெடிப்புத் தகடும் அமைக்கின்றனர். ஆனால் அவற்றின் வழியே வெளிவருவது எங்கே செல்லும்? இத்தாலி நாட்டுச் செவெசோவில் 1976 ஜூலை 10இல் தகடு தன் கடமையைச் செய்தது, கலம் தப்பிற்று. ஏற்கும் தொட்டி இல்லாமையால் டையாக்சின் என்னும் நஞ்சு ஊர்மீது படிந்து, 700க்கு மேற்பட்டோர் வீடிழந்து பெயர்ந்தனர்.

தொட்டியின் அளவு எவ்வாறு துணியப்படும்? கொதிக்கும் பால் பொங்குவது போலக் கலத்தினின்று ஆவியும் நீர்மமும் நுரையாய் ஒருங்கே வரும். ஆதலின் ஆவியை மட்டும் எண்ணிய கணக்குப் பொய்க்கும். நீரினும் பாதி வெப்பக் கொள்ளளவும் நீரையொத்த அடர்த்தியும் உடைய 8 டன் சரக்கு 150 பாகையில் வருவதாகக் கொள்வோம். 30 பாகையில் 8 டன் நீர் தொட்டியில் இருப்பின், வினை அங்கே அடங்குமாயின், கலவை 70 பாகையில் நிற்கும். இரண்டும் சேர்ந்து 16 கிலோலிட்டர். நுரைக்கும் ஆவிக்கும் இடம்விடின் 20 கிலோலிட்டருக்குக் குறைதல் ஆகாது. நீரோடு வினைபுரியும் பொருளாயின் நீரை விடுத்து வேறு நீர்மம் தேட வேண்டும். தொட்டியின் எதிரழுத்தம் வால்வின் போக்கைத் தடுத்தலும் ஆகாது.

அளவு மட்டும் போதுமோ? போதாது. போபாலில் 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு, 610ஆம் தொட்டியில் நீர் புகுந்து மெதில் ஐசோசயனேட் பொங்கியது. நச்சாவியைக் கழுவும் கோபுரம் அத்துணைப் பெருக்கிற்கு ஏற்றதன்று. எரிகுழல் இணைப்பு நீங்கிக் கிடந்தது. அவசரத்திற்கென்று வைத்த 619ஆம் தொட்டி பயன்படவில்லை. பொருள்கள் இருந்தன, காவல் இல்லை. உயிரிழந்தோர் பல்லாயிரவர்.

பல்லாண்டு வாளா கிடக்கும் தொட்டிக்குப் பணம் செலவிடல் வீண் என்பாரும் உளர். அங்ஙனம் கிடப்பதே அதன் பயன். அச்செலவை மிச்சம் பிடிப்போர் இழப்பை ஒழித்தாரல்லர். மதிலுக்கு வெளியே வாழ்வோர் தலையில் ஏற்றினர்.

போபாலுக்குப் பின் 1987இல் திருத்திய தொழிற்சாலைச் சட்டம், அபாயங்களைச் சுற்றுப்புற மக்களுக்கு அறிவித்தல் ஆலையாரின் கடமை என்றது. அவ்வறிவிப்புத் தூய தமிழில், மீனவரும் படித்தறியும் வகையில், குப்பந்தோறும் நிற்றல் வேண்டும். எப்பொருள், எவ்வளவு, ஏற்கும் தொட்டி எத்துணை, அபாய ஒலி கேட்டால் எத்திசை செல்வது என்னும் நான்கும் அதில் விளங்க வேண்டும். இரசாயனமும் பொறியியலும் பயிலும் நம் மாணாக்கர் நாளை இத்தொட்டிகளை வரையும் கையினர். வரைபடம் ஆலை மதிலோடு முடிதலாகாது. அதற்கு அப்பால் உறங்கும் குப்பத்தையும் அதில் வரைந்து வைத்துக் கணக்கிடுவாராக.