கழிவா, களவா?

கோடை பிறந்துவிட்டால் வலிகாமத்துச் சந்தைகளுக்குத் தனியழகு வந்துவிடுகிறது. இணுவிலின் செம்மண் தோட்டங்களிலே அதிகாலையிற் பிடுங்கப்பட்ட கத்தரியும் பயற்றையும் பாகலும் புடோலும் வெயில் ஏறுமுன் மருதனார்மடம் சந்தையை அடைந்துவிடுகின்றன. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் மணம் வழிப்போக்கரையும் உள்ளே இழுக்கிறது. வாங்க வருபவர் வெண்டியின் நுனியை ஒடித்துப் பார்க்கிறார். கத்தரியின் காம்பை உற்று நோக்குகிறார். இன்று பிடுங்கியது என்று தெளிந்த பின்னரே பணத்தை எடுக்கிறார். நாட்கணக்காய்க் குளிரூட்டியிற் கிடந்த காயை உண்ணும் பெருநகரத்தாருக்குக் கிட்டாத பேறு இது.

ஆயினும் இப்பேற்றைப் பாடிப் பரவுவது எமது நோக்கமன்று. அச்சுவைக்குரிய விலை அதனை விளைவித்தவன் கையைச் சேர்கின்றதா என்பதே எமது வினா.

குடாநாட்டுச் சந்தைகள் பலவற்றில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் நிலவி வருகிறது. கமக்காரன் கொண்டுவரும் மரக்கறியை நிறுத்தபின், பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோவைக் கழித்துவிட்டு, ஒன்பது கிலோவுக்கே வியாபாரி பணம் கொடுக்கிறார். இதற்குக் 'கழிவு' என்று பெயர். கழிக்கப்பட்ட அந்தக் கிலோ குப்பைக்கா போகிறது? இல்லை. ஏனைய ஒன்பதோடும் சேர்ந்து அதுவும் விலைக்கு விற்கப்படுகிறது. வாங்குபவருக்கேனும் பத்துக் கிலோவோடு ஒரு கிலோ இனாமாய்க் கிடைக்கிறதா? அதுவும் இல்லை. கொள்ளும்போது ஓர் அளவு, கொடுக்கும்போது வேறோர் அளவு!

இவ்வழக்கத்துக்குப் பரிந்து பேசுவோர் சொல்லும் நியாயம் யாது? மரக்கறி வாடும், அழுகும், நிறை குறையும், காம்பிலும் வேரிலும் மண் ஒட்டியிருக்கும் என்பர். இதே வாய்தான் சற்று நேரத்தின் பின், "இப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்தது" என்று கூவி விற்கிறது. புதியது எனில் கழிவு எதற்கு? கழிவு எனில் புதியது என்ற புகழ் எதற்கு? இரண்டும் ஒருங்கே உண்மையாதல் இயலாது. அழுகலைக் கண்டால் அதனை எடுத்து வீசிவிட்டு நிறுக்கட்டும். மண் இருந்தால் உதறிவிட்டு நிறுக்கட்டும். நிகழாத நட்டத்தை முன்கூட்டியே உழவன் தலையிற் சுமத்துவது எந்த நீதியில் அடங்கும்?

பத்தில் ஒன்றுதானே என்று இதனைச் சிறிதாய் எண்ணுவோர் கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்க்கவேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு கிலோ 100 ரூபா வீதம் 100 கிலோ விற்கும் ஒருவனுக்கு, விளைவிக்கும் செலவு 7,000 ரூபா எனக் கொள்வோம். முறைப்படி அவனுக்கு மிஞ்சவேண்டியது 3,000 ரூபா. கழிவு போனபின் மிஞ்சுவது 2,000 ரூபா. விளைச்சலில் பத்தில் ஒன்றாய்த் தோன்றுவது வருவாயில் மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. கழிக்கப்பட்ட காய்க்கும் அவன் உரமிட்டான், நீரிறைத்தான், கூலி கொடுத்தான்.

அச்செலவும் இலேசானதன்று. வற்றாத ஆறொன்றில்லாத குடாநாட்டில் சுண்ணாம்புக்கற் படையில் தேங்கியுள்ள கிணற்று நீரே கோடைப் பயிரின் உயிர். துலா மிதித்த காலம் போய் இயந்திரம் வந்தது. 2021 இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. இத்தனை அடியையும் தாங்கியவனுக்கு எவரும் கழிவு கொடுக்கவில்லை. அவனிடமிருந்தே கழிவு பெற்றனர்.

1970களின் முற்பகுதியில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது எமது தோட்டங்கள் தழைத்தன. 1977 இன் பின் திறந்த பொருளாதாரம் அத்தழைப்பை முறித்தது. கொழும்பின் கொள்கைகளை நாம் உரத்துக் கண்டிக்கிறோம். கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் எம்மவர் எம்மவர்க்கு எமது சந்தையிலேயே இழைக்கும் அநீதியை மட்டும் 'வழக்கம்' என்று சொல்லி விழுங்கிவிடுகிறோம். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போது, வாங்குவதிலும் விற்பதிலும் அளவு பிறழாமையையே அவர்தம் பெருமையாகக் காட்டுகிறது. அந்நூலை மேடைதோறும் போற்றும் சமுதாயம் அதன் பொருளைத் தராசடியில் மறந்தது ஏனோ?

வியாபாரி பட்டினி கிடக்கவேண்டும் என்று யாம் கூறவில்லை. அவர் உழைப்புக்கும் ஊதியம் உண்டு. அதனை விலையில் வெளிப்படையாய்க் கேட்கட்டும். தரகு எனில் தரகு என்றே சொல்லட்டும். பெயர் தெரிந்த செலவை எதிர்த்துப் பேரம் பேசலாம். வழக்கம் என்ற போர்வையில் வருவதை எதிர்த்து எதைப் பேசுவது? தனித்து நிற்கும் கமக்காரன் பேசமாட்டான். மாலைக்குள் வாடிவிடும் காய் அவன் வாயைக் கட்டிவிடுகிறது.

ஆதலின் அவன் தனித்து நிற்றலாகாது. திருவிதாங்கூருக்குப் புகையிலை அனுப்பிய காலத்தில் குடாநாட்டுக் கமக்காரர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து விற்றவர்கள். புகையிலைக்கு இயன்றது பூசணிக்கு இயலாதா? சந்தைகளை நடத்தும் பிரதேச சபைகள் பொதுத் தராசு வைத்து, நிறுத்த நிறைக்கு முழுப் பணம் என்பதைக் குத்தகை நிபந்தனையாக்க வேண்டும். சங்கங்கள் ஊருக்கு ஊர் விளைவைச் சேர்த்து விற்கவேண்டும்.

பல்கலைக்கழகத்து நண்பர்களே, நம்முட் பலருடைய புத்தகங்கள் தோட்டத்துக் காசில் வாங்கப்பட்டவை. கழிக்கப்பட்ட ஒவ்வொரு கிலோவும் ஒரு வீட்டுப் பிள்ளையின் பங்கிலிருந்தே கழிக்கப்பட்டது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மரக்கறிக்காகச் சந்தைக்குச் செல்லும்போது, காய் புதியதா என்று மட்டும் கேளாதீர். இதற்கு முழு நிறைக்குப் பணம் கொடுத்தீரா என்றும் கேளுங்கள். கேட்பவர் பெருகினால் கழிவு கழிந்துபோகும்.