தோட்டமும் அடுப்பும்: சுக்கினி குவிகிற காலம்



ஆடி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுக் கதவுப்பிடியில் பைகள் தொங்கத் தொடங்கிவிடும். பின்னேர வேலை முடிந்து இரவு பத்தரை மணிக்குப் படியேறி வந்தால், பைக்குள் முழங்கை நீளத்தில் இரண்டு மூன்று சுக்கினிக் காய்கள் இருக்கும். வைத்தவர் பெயர் இருக்காது. ஜேர்மனியில் தோட்டம் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த இரண்டு மாதமும் இதே பாடுதான். செடி ஓயாமல் காய்க்கும். வீட்டார் தின்று களைத்து அயலுக்குக் கொடுப்பார்கள்.

இந்த நாட்டுக்கு வந்த முதல் கோடையில் நாங்கள் அதை வெள்ளரிக்காய் என்று நினைத்தோம். வட்டமாக வெட்டி உப்பும் மிளகுதூளும் போட்டோம், பிள்ளைகள் தொடவில்லை. அடுத்த பையை அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டோம். அந்த நாளில் எங்கள் கையில் இருந்தது சமூக உதவிப் பணம் மட்டும். மரக்கறிக்கு எண்ணி எண்ணிச் செலவழித்துக்கொண்டு, இனாமாக வந்ததை எறிந்திருக்கிறோம். புதிதாக வந்திருக்கும் குடும்பங்கள் அந்தப் பிழையை விடக்கூடாது என்பதற்காகவே இந்த மாதம் சுக்கினியைப் பற்றி எழுதுகிறோம்.

சுக்கினி பூசணி இனத்தைச் சேர்ந்தது. இத்தாலிய மொழியில் அந்தப் பெயருக்கே 'சின்னப் பூசணி' என்றுதான் கருத்து. ருசியில் எங்கள் சுரைக்காய்க்கும் பீர்க்கங்காய்க்கும் நடுவே நிற்கும். அந்த இரண்டையும் சமைக்கத் தெரிந்தவருக்கு இதையும் சமைக்கத் தெரியும். ஆனால் சமையலுக்கு முதல் ஒரு விடயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் சட்டியை அடுப்பில் வைக்க எங்களுக்கு மனம் இல்லை.

கைத்தால் எறியுங்கள்

சில வருடங்களாக எங்களுக்கும் நகரத்து ஓரத்தில் ஒரு தோட்டத்துண்டு குத்தகைக்கு இருக்கிறது. முதல் வருடம் கடை விதையில் நல்ல காய் கிடைத்தது. ஊர்ப் பழக்கத்தில் ஒரு காயை முற்றவிட்டு விதை எடுத்து வைத்தோம். பக்கத்துத் துண்டுக்காரர் அழகுக்காகச் சின்னச் சின்ன வர்ணப் பூசணிகள் வளர்த்திருந்தார். அதை நாங்கள் கவனிக்கவில்லை.

அடுத்த வருடம் அந்த விதை நன்றாக முளைத்தது. காயும் பார்வைக்கு நல்ல காய்தான். பால்கறி வைத்தோம். மூத்த மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, "கைக்குது அம்மா" என்றாள். "பாகற்காய் கைக்காதோ? சாப்பாட்டுக்குச் செல்லம் கொண்டாடாதை, சாப்பிடு" என்று அதட்டினோம். கைப்பு அடங்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டோம். அவள் பாதியைச் சாப்பிட்டாள். நாங்களும் சாப்பிட்டோம்.

இரண்டு மணி நேரம் போகவில்லை. அவளுக்கு வாந்தியும் வயிற்றுக்குத்தும் தொடங்கியது. பிறகு எங்களுக்கும் அப்படியே. அந்த இரவை ஆஸ்பத்திரியில் கழித்தோம். மறுநாள் அவள் எழுந்து பாண் கேட்டபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. அவள் சொன்னது சரி, நாங்கள் சொன்னது பிழை. அதை அவளிடமே சொல்லிவிட்டோம்.

டொக்டர் விளக்கிச் சொன்னது இதுதான். காட்டுப் பூசணிகளில் குக்குர்பிற்றசின் என்ற கைப்பு நஞ்சு உண்டு. தோட்ட இனங்களில் அதைப் பல தலைமுறையாக இல்லாமல் செய்திருக்கிறார்கள். அழகுப் பூசணியின் மகரந்தம் சுக்கினிப் பூவில் பட்டால், அந்தக் காயின் விதையிலிருந்து வரும் செடியில் நஞ்சு திரும்பி வரலாம். கடும் வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் அதைக் கூட்டும். பாகற்காயின் கைப்பு வேறு, இது வேறு. எவ்வளவு அவித்தாலும் இந்த நஞ்சு போகாது. உப்பிலே ஊறவைத்துப் பிழிந்தாலும் போகாது. தேங்காய்ப்பால் நாக்கைத்தான் ஏமாற்றும், வயிற்றை ஏமாற்றாது.

இது சின்ன விடயம் அல்ல. 2015 ஆவணியில் தென் ஜேர்மனியில் ஹைடன்ஹைம் என்ற ஊரில், வீட்டுத் தோட்டத்துச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட 79 வயதுப் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். அந்தக் காயும் கைத்திருந்தது.

ஆகவே யார் தந்த காயானாலும், கடையில் வாங்கியதானாலும், வெட்டியதும் ஒரு சின்னத் துண்டைப் பச்சையாக நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். நல்ல காய் சப்பென்று இருக்கும். கைத்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறியுங்கள். ஐந்து காய் வெட்டினால் ஐந்தையும் தனித்தனியே பாருங்கள். கறி ஆன பிறகு கைத்தால் சட்டியோடு கொட்டுங்கள். பிள்ளை கைக்கிறது என்றால் பிள்ளையை நம்புங்கள்.

தெரியாமல் சாப்பிட்டு வாந்தி வந்தால் நஞ்சு அவசர உதவிக்கு எடுக்கலாம். நோர்த்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்துக்குப் பொன் நகரத்து இலக்கம் 0228 19240. மற்ற மாநிலத்தவர் தங்கள் இலக்கத்தைக் கேட்டுப் பிறிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். நிலைமை மோசமென்றால் 112. மொழி வராவிட்டால் "சுக்கினி, பிற்றர்" என்ற இரண்டு சொல் போதும். பிற்றர் என்றால் கைப்பு.

இனி அடுப்பை மூட்டலாம்.

பிஞ்சுக்கு: பால்கறி

ஒரு சாண் நீளத்துக்கு உட்பட்ட காய்தான் பிஞ்சு. தோல் சீவத் தேவையில்லை. 500 கிறாம் காயை அரைவட்டமாக, ஒரு விரல் தடிப்பில் வெட்டுங்கள். வெங்காயம் ஒன்று, பச்சைமிளகாய் மூன்று, உள்ளி இரண்டு பல், வெந்தயம் அரைத் தேக்கரண்டி, கொஞ்சம் மஞ்சள், கருவேப்பிலை, உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகச் சட்டியில் போட்டு மூடி, மெல்லிய நெருப்பில் வையுங்கள். தண்ணீர் விடவேண்டாம். சுக்கினியில் பெரும்பகுதி தண்ணீர்தான், அதுவே போதும். ஐந்து நிமிடத்தில் காய் கண்ணாடிபோல் வரும். அப்போது கெட்டித் தேங்காய்ப்பால் 150 மில்லிலீற்றர் விட்டு, ஒரு கொதி வரும்போது இறக்கித் தேசிக்காய்ப் புளி விடுங்கள். கூடுதலாக அவித்தால் கூழாகிவிடும்.

நடுத்தரக் காய்க்கு: வறையும் ரொட்டியும்

காயைத் துருவி, கொஞ்சம் உப்புப் போட்டுப் பத்து நிமிடம் விட்டு, இறுக்கிப் பிழியுங்கள். பிழிந்த தண்ணீரைச் சொதிக்கு எடுத்துக்கொள்ளலாம். அதில் உப்பு இருப்பதை மறக்கவேண்டாம். தாச்சியில் கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம், கருவேப்பிலை தாளித்து, துருவலைப் போட்டுப் பெரிய நெருப்பில் கிளறுங்கள். ஈரம் வற்றியதும் மஞ்சளும் ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூவும் சேர்த்து இறக்கினால் வறை. கீரை வறை கிடைக்காத ஊரில் இது நல்ல மாற்று.

பிழியாத துருவல் 300 கிறாமோடு கோதுமை மா 300 கிறாம், தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய், உப்புச் சேர்த்துக் குழைத்தால் ரொட்டி. காய் தண்ணீர் விடவிட மா தானே சேர்ந்துவரும். இறுகினால் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். நாங்கள் காலை வேலைக்குப் போகும் நாளில் இரண்டு ரொட்டியும் கட்டைச் சம்பலும்தான் சாப்பாட்டுப் பெட்டியில்.

தொழிற்சாலையில் எங்களோடு நிற்கும் துருக்கி நண்பர் இன்னொன்று கொண்டுவருவார். பெயர் முஜ்வெர். பிழிந்த துருவலில் முட்டை, மா, வெங்காயம், சதகுப்பை இலை, ஆட்டுப்பாற்கட்டி சேர்த்துத் தட்டையாகப் பொரிப்பது. நாங்கள் பாற்கட்டிக்குப் பதில் பச்சைமிளகாயும் பெருஞ்சீரகமும் போட்டுப் பொரித்துக் கொடுத்தோம். அவர் நாலு கேட்டு வாங்கினார்.

கை மீறி வளர்ந்ததற்கு: பருப்புக் கறியும் துவையலும்

இரண்டு நாள் பார்க்காமல் விட்டால் காய் குழந்தைபோல் வளர்ந்துவிடும். அதைத் தோல் சீவி, நடுவிலுள்ள பஞ்சையும் விதையையும் வழித்தெடுத்துவிட்டுச் சதுரமாக வெட்டிப் பருப்போடு அவியுங்கள். சாம்பாருக்கும் ஆகும். சீவிய தோலை எறியவேண்டாம். எண்ணெயில் வதக்கி, செத்தல் மிளகாய், உளுந்து, புளி, தேங்காயோடு அரைத்தால், பீர்க்கந்தோல் துவையலுக்குக் கிட்ட வரும்.

மிஞ்சினால்: வத்தலும் ஊறுகாயும்

மெல்லிய வட்டமாக வெட்டி உப்புப் பிரட்டி, ஒரு மணி நேரத்தின் பின் துணியில் ஒற்றி, அவணில் 70 பாகையில் பரப்புங்கள். கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டி வைத்தால் ஈரம் வெளியேறும். ஐந்தாறு மணி நேரத்தில் சருகாகும். போத்தலில் அடைத்துவைத்துப் பனிக்காலத்தில் பொரித்தால், சோற்றுக்கும் மோருக்கும் வேறொன்றும் வேண்டாம்.

கீழ்வீட்டு ஜேர்மன் அம்மா சொல்லித் தந்த ஊறுகாய்: ஒரு கிலோ காய்க்கு வெங்காயம் இரண்டு, 5 வீத வினாகிரி 400 மில்லிலீற்றர், தண்ணீர் 200 மில்லிலீற்றர், சீனி 150 கிறாம், உப்பு ஒரு மேசைக்கரண்டி, கடுகு, மஞ்சள், கறித்தூள். ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, கொதிநீரில் கழுவிய போத்தலில் சூட்டோடு அடைத்துப் பிறிட்ஜில் வையுங்கள். ஒரு மாதம் இருக்கும். கறித்தூளை எங்களுக்காகச் சேர்த்தீர்களா என்று கேட்டோம். இல்லையாம், இங்கே எத்தனையோ வீடுகளில் அப்படித்தானாம்! ஆனால் பச்சைக் காயை எண்ணெயில் அமிழ்த்தி வெளியில் வைக்கவேண்டாம். காற்றுப் படாத எண்ணெய்க்குள் வேறொரு கொடிய நஞ்சுக் கிருமி வளரும்.

விதையைப் பற்றி ஒரு சொல்

ஊரில் அம்மம்மா பூசணி விதையைச் சாம்பலில் பிரட்டிக் காயவைத்து, அடுப்புக்கு மேலே துணியில் கட்டித் தொங்கவிடுவார். விதை வாங்குவது அவருக்கு அவமானம். அந்தப் பழக்கம் எங்கள் கையிலும் இருக்கிறது. மிளகாய், தக்காளி, பயற்றங்காய் விதைகளை இன்றும் நாங்கள் எடுத்துத்தான் வைக்கிறோம். சுக்கினிக்கும் பூசணிக்கும் மட்டும் வருடாவருடம் கடையில் புது விதை வாங்குகிறோம். இரண்டு மூன்று யூரோதான். வைகாசி நடுப்பகுதியில் கடைசிப் பனி போனபின் நடுங்கள். நால்வர் உள்ள வீட்டுக்கு இரண்டு செடி தாராளம்.

எங்கள் தோட்டத்திலும் இப்போது காய் குவிகிறது. போன கிழமை நாங்களும் ஒரு பையைக் கொண்டுபோய் மேல்மாடிக்குப் புதிதாக வந்த குடும்பத்தின் கதவில் மாட்டினோம். பைக்குள் ஒரு துண்டுக் கடதாசியில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தோம்: "முதலில் ருசி பாருங்கள். கைத்தால் எறியுங்கள்." கீழே எங்கள் வீட்டு இலக்கத்தையும் எழுதினோம்.

அடுத்த இதழில் பச்சைத் தக்காளியோடு சந்திப்போம்.