நம்ம ஆத்தாளை யார் என்ன சொல்லிக் கூப்பிடுவது?

பெத்த தாயைப் பிள்ளை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும்? இதெல்லாம் ஒரு தலையங்கத்துக்கான விசயமா என்று தோழர்கள் கேட்கக்கூடும். பஞ்சமி நிலம் மீட்கப்படாமல் கிடக்கிறது, கூலி கேட்டவன் மண்டை உடைகிறது, இந்த நேரத்தில் அம்மாவா மம்மியா என்று பட்டிமன்றம் தேவையா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்த வாக்குவாதம் நம் காலனிகளுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறது. திண்ணையில் நடக்கிறது, கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது நடக்கிறது, புருசன் பொண்டாட்டிக்குள்ளேயும் நடக்கிறது. ஆகவே பேசித்தான் ஆக வேண்டும்.

ஒரு கட்சி, பிள்ளை 'அம்மா' என்றுதான் கூப்பிட வேண்டும், 'மம்மி' என்பது அடிமைப் புத்தி என்கிறது. எகிப்தில் பதப்படுத்தி வைத்த பிணத்துக்குத்தான் மம்மி என்று பேர் என்று மேடையில் நக்கலடித்துக் கைதட்டு வாங்குகிறவர்கள் இவர்கள். இன்னொரு கட்சி, இங்கிலீஷ் படித்தவனெல்லாம் எங்கேயோ போய்விட்டான், எம்புள்ள மட்டும் ஏன் பின்தங்கணும், 'மம்மி'ன்னே கூப்புடட்டும் என்கிறது. மூன்றாவது கட்சி நம் இளைஞர்கள் சிலருடையது. 'ஆத்தா', 'யம்மோவ்', 'அம்மே' என்பதெல்லாம்தான் நம் மண்ணின் சொல். அச்சடித்த 'அம்மா'வே மேல்சாதிப் பாடப்புத்தகம் நம் வாயில் திணித்தது என்பது அவர்கள் வாதம்.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்று கட்சியும் சேர்ந்து மறந்துவிட்ட ஒன்றும் உண்டு.

முதலில் மம்மியை எடுத்துக்கொள்வோம். 1999இல் ஐந்தாம் வகுப்புவரை தமிழ் அல்லது தாய்மொழிதான் பயிற்று மொழி என்று தமிழக அரசு ஆணை போட்டது. 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழ் வேண்டும் என்றவர்களும் கூடாது என்றவர்களும் அன்று மாறி மாறிப் பேசினார்கள். ரெண்டு பக்கத்திலும் தன் பிள்ளையை எப்போதோ இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்து முடித்தவர்கள் இருந்தார்கள். பட்டணத்துப் பெரிய வீட்டுப் பிள்ளை மம்மி என்றால் அது பழக்கம். சேரிப் பிள்ளை மம்மி என்றால் அது தமிழ்த் துரோகம். இது என்ன நியாயம்? 19ஆம் நூற்றாண்டில் பெண்களுக்கும் தீண்டப்படாதோருக்கும் பள்ளிக்கூடம் நடத்திய சாவித்திரிபாய் பூலே ஆங்கிலத்தையே தாய் என்று விளித்துக் கவிதை எழுதினார். சாஸ்திரம் பூட்டிவைத்த கதவை அந்த மொழி திறக்கும் என்று அவர் நம்பினார். நம் வீட்டுப் பெண்ணொருத்தி மகனுக்கு மம்மி என்று சொல்லிக்கொடுக்கிறாள் என்றால், அவள் மகனைக் கூப்பிடுவது வயக்காட்டுக்கு வெளியே இருக்கிற ஒரு உலகத்துக்கு. அந்த ஆசையைக் கிண்டல் பண்ண யாருக்கும் யோக்கியதை கிடையாது. அதே சமயம், மம்மி என்று கூப்பிட்டுவிட்டால் மட்டும் அந்தக் கதவு திறந்துவிடாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கதவைத் திறப்பது படிப்பு. வெறும் வார்த்தை அல்ல.

அடுத்து ஆத்தா. இது சேரிக்கு மட்டும் சொந்தமான சொல் அல்ல. தெற்கு மாவட்டங்களில் ஊர்த்தெருவிலும் ஆத்தாதான். சினிமாவில் மீசைக்காரன் ஒருவன் ஆத்தா என்று கதறினால் அது மண்வாசனை, தியேட்டரே அழும். சாமியைச் சொன்னால் மாரியாத்தா, கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அதே சொல்லை நம் பிள்ளை ஒண்ணாம் வகுப்பில் சொன்னால், 'ஒழுங்கா அம்மான்னு சொல்லு, இதென்ன சேரி பாசை' என்று குட்டு விழுகிறது. அ, அம்மா என்று பாடம் தொடங்குகிறது. பக்கத்துப் படத்தில் இருப்பவளுக்கும் நாத்து நட்டுவிட்டு வரும் நம் தாய்க்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பள்ளிக்கூடத்தில் காலெடுத்து வைத்த முதல் நாளே, உன் வீட்டில் இருப்பவள் புத்தகத்தில் இருக்கிற அம்மா இல்லை என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. குட்டு வலிப்பதைவிட இதுதான் வலிக்கிறது.

பேரை வைத்துச் சண்டை போடுவது நமக்குப் புதிது அல்ல. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தம் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பேர் வைத்தார். எந்தச் சொல்லால் அடித்தார்களோ அதையே கொடியாகத் தூக்கிப் பிடித்தார். அயோத்திதாசப் பண்டிதரோ அந்தப் பேரே நமக்கு உரியதல்ல, நாம் பூர்வ பௌத்தர் என்றார். 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, அரசு ஏடுகளில் 'ஆதிதிராவிடர்' என்று எழுத வைத்தார். இவர்களில் யார் துரோகி? யாரும் இல்லை. இழிவைச் சுமத்துகிறவன் கையிலிருந்து பேர் வைக்கிற அதிகாரத்தைப் பிடுங்குவதுதான் எல்லோருடைய நோக்கமும். வழிதான் வேறு. ஆத்தா என்பவனும் மம்மி என்பவளும் இப்படித்தான்.

இனி, மூன்று கட்சியும் மறந்த விசயத்துக்கு வருவோம். நம் பிள்ளை நம் தாயை என்ன சொல்லிக் கூப்பிடுகிறது என்று இவ்வளவு அக்கறையோடு விசாரிக்கிறோமே, ஊரான் பிள்ளை அவளை என்ன சொல்லிக் கூப்பிடுகிறது?

1992இல் வெளிவந்த 'கருக்கு'வில் பாமா இதை எழுதிக் காட்டிவிட்டார். நாயக்கர் வீட்டில் வேலை பார்க்கும் பாட்டியை, நேத்துப் பிறந்த பொடிசுகூட பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏவுகிறது. பாட்டியோ அந்தப் பொடிசை ஐயா என்கிறாள். தலை நரைத்தவளுக்கு வெறும் பேர், மூக்கு ஒழுகுகிறவனுக்கு ஐயா. இதைப் படித்த அன்றைக்கு எத்தனை பேர் தங்கள் பாட்டியை நினைத்துக் குமுறியிருப்பார்கள்! இன்னும் பின்னால் போனால், 1871இல் சாமுவேல் மட்டீர் என்ற பாதிரியார் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய புத்தகத்தில் ஒரு செய்தி உண்டு. புலையர் தன்னை நான் என்று சொல்லக்கூடாது, அடியன் என்று சொல்ல வேண்டும். தன் பிள்ளைகளைக் குரங்கு, கன்று என்றுதான் சொல்ல வேண்டும். பெற்றவள் வாயாலேயே பிள்ளையை மிருகமாக்கிய மொழி அது. சாதி நிலத்தில் மட்டும் வேலி போடவில்லை, நாக்கிலும் போட்டது.

'அம்மா' என்ற சொல்லுக்கே இந்த மண்ணில் ரெண்டு அர்த்தம். ஒன்று பெத்தவள். இன்னொன்று எசமானி. நம் தாய் தன் தாயை அம்மா என்றாள். அதே வாயால், பண்ணை வீட்டுக் கொல்லையில் நின்று, தன்னைவிட இருபது வயசு சின்னவளையும் அம்மா என்றாள். அந்த வீட்டிலிருந்து அவளுக்குத் திரும்பி வந்தது 'ஏய்', 'இவளே', 'வாடி', 'போடி'. பிறகு நாடே ஒரு முதலமைச்சரை அம்மா என்று சொல்லிக் குனிந்து நின்றது. 2013 முதல் அம்மா உணவகத்தில் இட்லியும் கிடைத்தது. அங்கே பாத்திரம் கழுவிய நம் பெண்ணுக்கு மட்டும் அந்தப் பட்டம் கிடைக்கவில்லை.

'ஆயா'வைப் பாருங்கள். வடமாவட்டங்களில் பாட்டியைப் பிள்ளைகள் பாசமாகக் கூப்பிடும் சொல் அது. வெள்ளைக்காரன் வீட்டில் பிள்ளை வளர்த்த வேலைக்காரிக்கும் அதே ஓசையில் ஒரு பேர், போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது. இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் ஆயா என்றால் பெருக்குகிறவள், பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுகிறவள். அவளுக்கு ஒரு பேர் இருக்கிறது என்று வாத்தியாருக்கும் தோன்றுவதில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் சமைத்த சத்துணவை எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது என்று ஆதிக்கச் சாதியினர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகே மாற்றலை ரத்து செய்தார்கள், வன்கொடுமை வழக்கும் பதிவானது. பிள்ளைக்குச் சோறு போடுகிறவளைத் தாய் என்று புகழ்கிற நாடு இது! சோறு போட்ட கை நம்முடையது என்றால் தாய் என்ற பேச்சே எழுவதில்லை.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டபின், பொது இடத்தில் சாதிப் பேரைச் சொல்லித் திட்டுவது தனிக் குற்றமாகவே எழுதப்பட்டிருக்கிறது. நல்லது. ஆனால் ஏழு வயசுப் பையன் அறுபது வயசுக்காரியை 'ஏய்' என்று கூப்பிட்டால் எந்தப் போலீஸ் ஸ்டேசனில் எழுதிக்கொள்வார்கள்? அந்தப் பையனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்த வீட்டை எந்தப் பிரிவில் பிடிப்பது? இதைச் சட்டம் மட்டும் செய்து முடிக்காது. நம் பெண்கள் திரும்பி நின்று, 'அக்கான்னு சொல்லு, இல்லாட்டி பாட்டின்னு சொல்லு, அப்பத்தான் திரும்பிப் பாப்பேன்' என்று சொல்வதில்தான் தொடங்கும். அப்படிச் சொன்னவளுக்கு மறுநாள் வேலை இல்லை என்றால், அந்த வீட்டு வேலைக்கு வேறு ஒருத்தியும் போகாமல் இருப்பதில்தான் நிலைக்கும்.

ஊரைச் சொல்லிவிட்டு நம் வீட்டைச் சொல்லாமல் போனால் இது யோக்கியமான பேச்சு ஆகாது. நம் பிள்ளைகள் பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். 'அப்பா வந்தாரு', 'அம்மா வந்துச்சு'. அப்பனுக்கு 'ஆரு', ஆத்தாளுக்கு 'உச்சு'. அப்பனுக்கு 'நீங்க', ஆத்தாளுக்கு 'நீ'. ஆடு வந்துச்சு, மாடு வந்துச்சு, அம்மா வந்துச்சு. அது பாசம் என்பார்கள். பாசமும்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாசம் ஏன் அப்பன் பக்கம் மட்டும் மரியாதையாக மாறிவிடுகிறது? குடித்துவிட்டு வந்து அவளைக் 'கழுதை', 'நாயே' என்று பிள்ளைகள் முன்னால் கூப்பிடுகிற புருசன், எசமான் வீட்டு மொழியைத் தன் வீட்டுக்குள் கொண்டுவருகிறான். ரெண்டு ஆம்பளைக்குச் சண்டை வந்தால் முதலில் இழுபடுவதும் 'ஒங்கம்மா'தான். பழந்தமிழில் உன் தாய் என்பதற்கு 'ஞாய்' என்று தனிச் சொல் இருந்தது, அன்பாகச் சொல்ல. இன்றைக்கு உன் தாய் என்று சொன்னாலே கத்தி தூக்க வேண்டியிருக்கிறது. விடுதலை இயக்கத் தோழர்களின் வாயும் இதில் சுத்தம் இல்லை.

ஆகவே நம் கருத்து இது. பிள்ளை தாயை ஆத்தா என்கட்டும், அம்மா என்கட்டும், மம்மி என்கட்டும். அதை முடிவு செய்ய வேண்டியவள் அந்தத் தாய். தமிழ்க் காவலர்களும் வாத்தியாரும் வேண்டாம், நாமும் வேண்டாம். வீட்டுச் சொல்லுக்காக எந்தப் பிள்ளைக்காவது பள்ளியில் குட்டு விழுந்தால் பெற்றவர்கள் கூட்டமாகப் போய்க் கேட்க வேண்டும். ஆயா என்றும் ஏய் என்றும் கூப்பிடப்படும் பள்ளிப் பணியாளரை அக்கா என்றோ அம்மா என்றோ கூப்பிட வைக்க வேண்டும். தலைமையாசிரியர் அதைத் தன்னிலிருந்து தொடங்கட்டும். நம் வீடுகளில் 'அம்மா வந்தாங்க' என்று பிள்ளைகள் பேசப் பழகட்டும். அப்பன்மார் முதலில் பேசிக் காட்டினால் பிள்ளைகள் தானாகப் பேசும்.

இதைப் படிக்கும் தோழர்கள் உங்கள் தெருக் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுங்கள். அதில் முதலில் பெண்கள் பேசட்டும். தங்களை யார் யார் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று அவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லி முடிக்கும்வரை ஆம்பளைகள் வாயைத் திறக்காமல் கேளுங்கள்.

- ஆசிரியர் குழு