நாற்பது வயதில் ஒரு பட்டமா?



பதினெட்டு வயதில் ஊரைவிட்டு மும்பைக்கோ பெங்களூருக்கோ வந்து, கிடைத்த வேலையைப் பற்றிக்கொண்டு, தம்பி தங்கைகளைக் கரையேற்றியவர்கள் நம்மில் அநேகர். தாம் தொழில் கற்றுக்கொடுத்த இளைஞனே பட்டத்தின் பலத்தால் தமக்கு மேலதிகாரியாக வந்து அமரும்போது அவர்கள் உள்ளம் நோகிறது. “இனியாவது படிக்கலாமா? இந்த வயதில் அதனால் பயன் உண்டா?” என்று கேட்கிறார்கள். இக்கேள்வியை இம்மாதம் சற்று நிதானமாக எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலாவது, அந்தப் பட்டம் எந்தக் கதவைத் திறக்கப்போகிறது? இதற்குத் தெளிவான விடை வேண்டும். நீங்கள் வேலை செய்யும் இடத்திலேயே பதவி உயர்வுக்குப் பட்டம் கட்டாயம் என்று விதி இருக்குமானால், அது கண்ணுக்குத் தெரிகிற கதவு. நிர்வாகத்திடம் அதை நேரில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆனால் “பட்டம் இருந்தால் வங்கி வேலை கிடைக்கும்” என்று ஒருவர் நாற்பது வயதில் எண்ணினால் ஏமாந்துபோவார். வங்கி எழுத்தர் தேர்வுக்குப் பட்டம் தேவை என்பது மெய்யே. ஆனால் பொதுப் பிரிவினருக்கு அங்கே வயது வரம்பு 28. பட்டம் வந்து சேரும்போது கதவு அடைபட்டிருக்கும். கணினிக் கணக்கோ, மின்பணியில் உரிமமோ, நல்ல ஆங்கிலமோ போதுமான இடத்தில் பட்டத்துக்காகப் பல ஆண்டுகளைச் செலவிடவும் தேவையில்லை.

இரண்டாவது, காலக் கணக்கு. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பது நாம் அறிந்த பாடம். படிப்பில் பணத்தைவிடப் பெரிய செலவு நேரமே. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட்டுகள். தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. ஆக மொத்தம் 3,600 மணி நேரம். மூன்று ஆண்டுகளில் முடிக்க வேண்டுமானால் நாள்தோறும் மூன்றேகால் மணி நேரம் படிக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிறவருக்கு இது இயலுமா? 1985இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மூன்றாண்டுப் படிப்பை ஆறு ஆண்டுகள் வரை நீட்டி முடிக்க இடமளிக்கிறது. அப்போது நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும். அவசரப்பட்டு நடுவில் கைவிடுவதைவிட, ஆறு ஆண்டுகள் என்று முன்பே தீர்மானித்துத் தொடங்குவது நலம்.

அந்த ஒன்றரை மணி நேரம் எங்கிருந்து வரும்? உங்கள் உறக்கத்திலிருந்தும், மனைவியின் ஓய்விலிருந்தும், பிள்ளைகளின் ஞாயிறு மாலையிலிருந்தும்தான் வரும். நேரடி வகுப்புகள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் நடப்பதால் ஆராதனை நேரத்தோடு மோதுவதும் உண்டு. படிப்பவர் ஒருவரே ஆனாலும் விலை கொடுப்பது குடும்பம் முழுவதும். ஆகவே குடும்பத்தாரைக் கலந்து பேசாமல் விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டாம். படிக்க விரும்புகிறவர் மனைவியானால், வீட்டு வேலையில் பாதியைக் கணவர் ஏற்காமல் அந்தப் படிப்பு நடவாது.

மூன்றாவது, பட்டம் செல்லுமா? முறையான அனுமதியுள்ள தொலைநிலைப் பட்டம் கல்லூரிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அனுமதி இல்லையேல் அத்தனை பிரயாசமும் வீண். அனுமதியின்றி அஞ்சல்வழியே பொறியியல் பட்டம் வழங்கிய சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் வழக்கில், 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்களை உச்ச நீதிமன்றம் 2017இல் நிறுத்திவைத்து, அவர்களை மீண்டும் தேர்வெழுதச் சொன்னது. அதன் பின்பு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. எனவே முகவர் சொல்லை நம்பாமல், மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயரும், நீங்கள் சேரும் பாடத்தின் பெயரும் உண்டா என்று பாருங்கள்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்வழியில் படித்தவர்கள் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பலாம். ஆனால் மாநிலப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலைக் கல்வியைத் தங்கள் எல்லைக்குள்தான் நடத்தலாம். இணையவழிப் பட்டங்களுக்கு அந்த எல்லை கிடையாது. பிளஸ் டூ முடிக்காதவர்கள் முதலில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அதை முடிப்பதே பாதுகாப்பு. பிளஸ் டூவோ அதற்கு இணையான படிப்போ இன்றிப் பெற்ற பட்டத்தைத் தமிழக அரசு வேலைக்கு ஏற்பதில்லை.

இத்தனையும் எடைபோட்ட பின்பு, “சம்பளம் உயராவிட்டாலும் நான் படிக்கவே விரும்புகிறேன்” என்று ஒருவர் சொல்வாரானால் அதுவும் நல்ல காரணமே. அப்பா புத்தகத்தோடு உட்காரும் வீட்டில் பிள்ளைகளைப் படி என்று அதட்ட வேண்டியதில்லை. ஆனால் அதை வருமானத்துக்கான முதலீடு என்று சொல்லி வீட்டாரைக் கடன் வாங்கவைக்காதீர்கள். ஆசையை ஆசை என்றே சொல்லி, அதற்குத் தக்க அளவில் செலவிடுங்கள்.

பட்டம் இல்லாததால் நீங்கள் யாருக்கும் தாழ்ந்தவரல்ல. அந்த நிச்சயத்தோடு கணக்குப் பாருங்கள். அவமானத்தின் வேகத்தில் எடுத்த தீர்மானம் முதல் தேர்வோடு தளர்ந்துபோகும். அமர்ந்து யோசித்து எடுத்த தீர்மானம் ஆறு ஆண்டுகள் தாங்கும்.