மனையாகும் நஞ்சை: மழைநீர் எங்கே போகும்?

நெல் வயலை விற்கும்போது ஏக்கருக்கு என்ன விலை என்பதே பேச்சாக இருக்கிறது. அந்த ஏக்கர் மழைக்காலத்தில் எவ்வளவு நீரைத் தாங்கி நிற்கிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் நீர் விழுகிறது. வரப்பு உயரமாக உள்ள வயலில் 10 செ.மீ. நீர் நின்றால் அது 4 லட்சம் லிட்டர். மனைப்பிரிவுக்காக 10 ஏக்கர் நஞ்சையில் கிராவல் கொட்டி மேடாக்கினால், 40 லட்சம் லிட்டர் நீர் தங்கிய இடம் போய்விடுகிறது. அந்த நீர் பக்கத்திலுள்ள பள்ளமான வயலுக்குத்தான் பாயும். வடகிழக்குப் பருவமழையில் ஒரே நாளில் 10 செ.மீ. பெய்வது புதிதல்ல. இளம் சம்பாப் பயிர் பல நாள் மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும். விற்றவர் ஒருவர், நட்டம் அடைபவர் வேறொருவர்.

அடுத்தது வாய்க்கால். பெரிய வாய்க்கால்கள் புறம்போக்காகப் பதிவாகியிருக்கும். வயல்களுக்குப் பாயும் சின்ன வாய்க்கால்கள் பலவும் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடுகின்றன. மனை போடும்போது முதலில் மூடப்படுபவை இவைதான். பாசனமும் வடிகாலும் ஒருசேரக் கெட்டபின், மிஞ்சிய நிலத்தையும் தரிசாகப் போட்டு விற்கும் நிலை வருகிறது.

அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பழைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. கட்டணம் செலுத்தினால் மனைக்கு அங்கீகாரம் கிடைக்கும், மூடிய வாய்க்கால் திறக்காது. காவிரி டெல்டாவைப் பாதுகாக்கும் 2020-ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணெய், எரிவாயுத் திட்டங்கள் முதல் தோல் பதனிடும் ஆலை வரை தடை செய்கிறது. தடைப் பட்டியலில் மனைப்பிரிவு இல்லை. அதைச் சேர்ப்பது பற்றி அரசு யோசிக்க வேண்டும்.

கடன், பிள்ளைகளின் படிப்பு, ஆள் பற்றாக்குறை எனப் பல காரணங்களால் நிலத்தை விற்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விற்கும் முன் புலப்படத்தையும் கிராம வரைபடத்தையும் எடுத்து, வாய்க்காலும் வடிகாலும் எங்கே செல்கின்றன என்று பார்க்கலாம். அவற்றை மூடக்கூடாது என்பதைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதலாம். பக்கத்து நிலத்துக்காரர்கள் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். முதலீடாக மனை வாங்குவோர், அந்தச் சர்வே எண் 'அ' பதிவேட்டில் நஞ்சையா புஞ்சையா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது நல்லது. நஞ்சையில் போட்ட மனையில் மழைக்குத் தண்ணீர் நிற்கும்.

நிலப் பயன்பாட்டை மாற்றும் கோரிக்கைகளில் வேளாண் துறையின் கருத்தும் கேட்கப்படுகிறது. அந்த ஆய்வைச் செய்யும் அலுவலர்கள் நிலம் தரிசா, சாகுபடியா என்பதோடு நின்றுவிடாமல், அந்த நிலத்தின் வழியாக எத்தனை ஏக்கருக்கு நீர் பாய்கிறது, எத்தனை ஏக்கரின் நீர் வடிகிறது என்பதையும் அறிக்கையில் எழுத வேண்டும். மாற்றத்துக்கு இசைவு தருவதா வேண்டாமா என்பதை அந்தக் கணக்கு தீர்மானிக்கட்டும்.